சாப்பாட்டு வாசலில் ஒரு பை

அத்தியாயம் 11

பொய் சொல்லியிருந்தால்கூட அஞ்சலிக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது. பொய் என்றால் என்றைக்காவது ஒரு மன்னிப்போடு முடிந்துபோகும். அவள் சொன்னது உண்மை. அதுதான் தொல்லை.

போன வாரம் இதே சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டுதான் ரேஷ்மி கேட்டாள். ரேஷ்மி, அஞ்சலியின் கொழுந்தன் மனைவி. வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது.

"அக்கா, டீலர்மாருக்குக் கம்பெனி ஒரு பை குடுக்குது. உள்ள சுவர்க் கடிகாரம் இருக்கு. மீட்டிங் எல்லாம் முடிஞ்சு கடைசியில குடுப்போமா, இல்ல முன்னாலயே குடுத்திரலாமா?"

அஞ்சலி சின்ன உள்ளி உரித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"சாப்பிட்டுக் கை கழுவிட்டு வெளிய வருவாவல்லா, அந்த வாசல்ல வச்சுக் குடு. நம்ம ஊர்ல அதுதான வழக்கம்."

"நல்லவேளை கேட்டேன்" என்று சொல்லிவிட்டு ரேஷ்மி அதை டைப் செய்துகொண்டாள்.

வழக்கம் அதுதான். நாகர்கோவிலில் எந்தக் கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் சாப்பாட்டு ஹால் வாசலில்தான் தாம்பூலப் பை. ஆனால் அந்தப் பை கைக்கு வந்ததும் நம் ஆட்கள் என்ன செய்வார்கள் என்பதும் அஞ்சலிக்குத் தெரியும். செருப்பைத் தேடுவார்கள். பை கொடுத்தாயிற்று என்றால் விருந்து முடிந்தது, போய் வாருங்கள் என்று அர்த்தம். அதற்குப் பிறகு மேடையில் யார் நின்று என்ன பேசினாலும் கேட்க ஆள் இருக்காது.

ரேஷ்மியின் நிகழ்ச்சியில் முக்கியமான பாதியே சாப்பாட்டுக்குப் பிறகுதான். அது தெரிந்துதான் அஞ்சலி அப்படிச் சொன்னாள்.

அந்த நிகழ்ச்சி நாள்தான் இன்று.

*

நீரோட்டம் பம்ப் கம்பெனியின் நாகர்கோவில் கிளையில் ரேஷ்மிக்கு வேலை. இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. மாவட்டம் முழுக்க உள்ள ஹார்டுவேர் கடைக்காரர்களைக் கூப்பிட்டு வருஷத்துக்கு ஒரு தடவை டீலர் மீட் நடத்துவார்கள். எப்போதும் திருநெல்வேலியிலிருந்து ஒரு கூட்டம் வந்து செய்து கொடுத்துவிட்டுப் போகும். இந்தத் தடவை கிளை மேனேஜர் எபிசன், "நீயே செஞ்சு பாரேன். நல்லபடியா முடிஞ்சா ஒனக்க வேலைய நிரந்தரம் பண்ண நானே எம்.டி.ட்ட பேசுதேன்" என்று சொல்லிவிட்டார்.

அன்று முதல் வீடு இரண்டுபட்டது. ராத்திரிச் சாப்பாட்டில்கூட 'பேக்ட்ராப்', 'ரிஜிஸ்ட்ரேஷன்' என்றுதான் பேச்சு. ஈவெண்ட் நடத்துவது எப்படி என்று போனில் வீடியோ போட்டுப் பார்த்துக்கொண்டே ரேஷ்மி பல் தேய்த்தாள். மாமியார் தாணம்மாள் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துக்கொண்டாள். "பிள்ளை பிளான் பண்ணுகா, சத்தம் போடாதிய" என்று தன் கணவர் வைகுண்டராஜனையே அதட்டினாள்.

அஞ்சலிக்கு வயிறு எரிந்தது. மறைப்பானேன், நன்றாகவே எரிந்தது.

பதினாலு வருஷமாக இந்த வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் அவள்தான். மாமனாரின் அறுபதாம் கல்யாணம், நாத்தனாரின் வளைகாப்பு, புதுக் கடை திறப்பு. ஏன், கொழுந்தன் வினோஜுக்கும் ரேஷ்மிக்கும் நடந்த கல்யாணமே அவள் முன்னால் நின்று நடத்தியதுதான். எந்த வேனில் யார் வருவார்கள், எந்தச் சித்தப்பாவை எந்த மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார வைக்கக் கூடாது, மழை வந்தால் பந்தியை எங்கே மாற்றுவது, எல்லாம் அவள் மனசுக்குள் இருந்தது. அதற்கு யாரும் ஒரு பேர் வைக்கவில்லை. 'அஞ்சலி பாத்துக்கிடுவா' என்றார்கள், அவ்வளவுதான். அதையே ரேஷ்மி செய்தால் அதற்குப் பேர் ஈவெண்ட்.

காலையில் குளித்துவிட்டு வந்தபோது தாணம்மாள் ரேஷ்மியின் கையில் சாயாவைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்த மாமியார் கையால் ஒரு சாயா வாங்கிக் குடிக்க அஞ்சலிக்குப் பிரசவமே ஆக வேண்டியிருந்தது.

"மஸ்கட்டுல இருந்து வினோஜ் கூப்பிட்டான் மக்கா. வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னான்" என்றாள் தாணம்மாள். பிறகு அஞ்சலியைப் பார்த்து, "நீ இன்னும் கிளம்பலியா? அடுக்களை வேலை முழுக்க உன் தலையிலதான" என்றாள்.

ஆமாம். சாப்பாடு மட்டும் அஞ்சலி பொறுப்பு. "எனக்கு இலைச் சாப்பாடு பத்தி ஒண்ணும் தெரியாது அக்கா, நீங்கதான் காப்பாத்தணும்" என்று ரேஷ்மி கெஞ்சியிருந்தாள். அதனால் அஞ்சலி தனக்குத் தெரிந்த சமையல்காரர் ஞானையனைப் பேசி விட்டிருந்தாள். ஈவெண்ட் ரேஷ்மியுடையது, அவியல் அஞ்சலியுடையது.

அவள் கணவன் சுயம்புராஜ் இஸ்திரி போட்ட நீலச் சட்டையில் வந்து நின்றான். கோட்டாற்றில் அவனுக்கு ஹார்டுவேர் கடை. அவனும் நீரோட்டம் டீலர்தான்.

"நம்ம வீட்டுப் பிள்ளை நடத்துக மீட்டிங். நாம முன் வரிசையில இருக்கணும்லா" என்றான்.

அவன் கடைசியாகத் தன் சட்டைக்கு இஸ்திரி போடச் சொன்னது எப்போது என்று அஞ்சலி யோசித்தாள். ஞாபகம் வரவில்லை.

*

செட்டிகுளம் பக்கத்து மண்டபத்துக்குள் நுழைந்ததும் அஞ்சலியின் கண்கள் முதலில் குறைகளைத்தான் தேடின. அந்தக் கண்களைக் குற்றம் சொல்லி என்ன செய்ய, அவை அதற்கென்றே வந்திருந்தன.

குறை ஒன்றும் அகப்படவில்லை. ரோட்டு முக்கிலேயே அம்புக்குறி போட்ட போர்டு இருந்தது. பைக் நிறுத்த ஒரு இடம், கார் நிறுத்த ஒரு இடம் என்று கயிறு கட்டியிருந்தாள். வாசலில் மேசை போட்டு, வருகிறவர் பேரைக் கேட்டு, கழுத்தில் மாட்டிக்கொள்ள அட்டை கொடுத்தார்கள். கரண்ட் போனால் என்ன செய்வது என்று ஜெனரேட்டர்கூட வந்து நின்றது.

உள்ளே ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு டீலர் பேரும் கடைப் பேரும் எழுதிய அட்டை. அச்சடித்தது இல்லை, கையெழுத்து. சாயங்காலங்களில் மேசையில் குனிந்து உட்கார்ந்து ரேஷ்மி எழுதிக்கொண்டிருந்தது இதைத்தான் போலிருக்கிறது. பேனா பிடித்துக் கை வலிக்கிறது என்று அவள் எண்ணெய் தேய்த்துக்கொண்டதும் அஞ்சலிக்கு ஞாபகம் வந்தது.

தக்கலையிலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் வந்த பெரிய கடைக்காரர்கள் தங்கள் பேரைத் தேடிக் கண்டுபிடித்து, அதைப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். குளச்சல் மரியஜான் என்று ஒருவர், தலை நரைத்த மனுஷன், அட்டையைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

"பாத்தியா அஞ்சலி, என்ன ஒரு மூளை!" என்றான் சுயம்புராஜ். "நான் எத்தனை மீட்டிங் போயிருக்கேன். நம்மள ஒரு ஆளா மதிச்சுப் பேரு எழுதி வச்சது இதுதான் முதல் தடவை."

"நம்ம கல்யாணத்துல உங்க வீட்டு ஆளுவ எல்லாருக்கும் ரூம் வாசல்ல பேரு எழுதி ஒட்டுனது யாரு?"

"அது யாரு?"

"நான்."

"அப்படியா?" என்று சொல்லிவிட்டு அவன் முன் வரிசைக்குப் போய்விட்டான்.

மேடையில் ரேஷ்மி மைக்கைப் பிடித்தாள். பிஸ்தா நிறச் சேலை. முதல் இரண்டு வரிக்குக் குரல் நடுங்கியது. அஞ்சலிக்கு அந்த நடுக்கம் தேன் குடித்த மாதிரி இருந்தது. ஆனால் மூன்றாவது வரியில் ரேஷ்மி சிரித்துவிட்டு, "எனக்கு இதுதான் முதல் நிகழ்ச்சி, கையெல்லாம் விறைக்குது, தப்பு இருந்தா நம்ம வீட்டுப் பிள்ளைன்னு பொறுத்துக்கிடணும்" என்றாள். ஹால் முழுக்கக் கைதட்டியது. சுயம்புராஜ் எழுந்து நின்று தட்டினான்.

அஞ்சலி அடுக்களைப் பக்கம் போய்விட்டாள்.

*

"மக்கா, ஒரு சங்கடம்" என்றார் ஞானையன். "பருப்புப் பாயசம் ரெடி. அடைப்பிரதமன் இன்னும் வத்தணும். தேங்காய்ப்பால் கொஞ்சம் தண்ணியாப் போச்சு. முதல் பந்திக்கு வராது."

"பொறவு என்ன செய்ய? ஒரு பாயசத்தோட விடுங்க. இது என்ன நம்ம வீட்டுக் கல்யாணமா?"

ஞானையன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அஞ்சலி வாயிலிருந்து அவர் இப்படி ஒரு பேச்சைக் கேட்டதில்லை.

முதல் பந்தி உட்கார்ந்தது. பருப்பு, சாம்பார், ரசம் என்று முறையாகப் போயிற்று. பாயசம் ஒன்றோடு நின்றது. சிலர் இலையை மடக்காமல் அடுத்ததுக்காகக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பிறகு எழுந்தார்கள்.

கை கழுவும் இடத்தைத் தாண்டினால் வாசல். வாசலில் மேசை. மேசை மேல் நீல நிறப் பைகள் வரிசையாக இருந்தன. ரேஷ்மி ஆபீஸில் வேலை பார்க்கும் பிளஸ்ஸி என்ற பெண் ஒவ்வொருவர் கையிலும் சிரித்த முகத்தோடு ஒரு பையைக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் நடந்தது எல்லாம் அஞ்சலி நினைத்தபடிதான் நடந்தது. பையை வாங்கினார்கள், தூக்கி எடை பார்த்தார்கள், செருப்பைத் தேடினார்கள். ஒரு பைக் கிளம்பியது. பின்னால் இன்னொன்று கிளம்பியது.

நினைத்தது நடக்கும்போது சந்தோஷமாக இருக்கும் என்றுதான் அவள் எண்ணியிருந்தாள். அந்தச் சந்தோஷம் வரவில்லை.

அப்போது பையோடு வந்து பைக் சாவியைத் தேடிய நீலச் சட்டைக்காரனைப் பார்த்தாள்.

"இஞ்ச பாருங்க, எங்க போறிய?"

"கடையைத் திறக்க வேண்டாமா?" என்றான் சுயம்புராஜ். "பைதான் தந்தாச்சுல்லா."

"இனிமேதான எம்.டி. வருவாரு? புது மோட்டார் காட்டுகது, பரிசு குடுக்கது எல்லாம் பொறவுதானே?"

"அப்படியா? அப்பம் ஏன் பையை இப்பமே தந்தா?" அவன் தலையைச் சொறிந்தான். "பை தந்ததும் எல்லாம் முடிஞ்சுன்னு நினைச்சேன். மற்றவியளும் அப்படித்தான் நினைச்சிருப்பாவ."

பக்கத்தில் நின்ற மரியஜான் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு சொன்னார். "ஏற்பாடு எல்லாம் கொள்ளாம், நல்லா இருக்கு. சாப்பாடுதான் சரியில்ல. பிரதமன் இல்லாம ஒரு விருந்தா? யாரு பாத்தாவளோ, விவரம் இல்லாத ஆளு."

அஞ்சலிக்குச் சுருக்கென்று வந்தது. விவரம் இல்லாத ஆளா? அவளா?

அவள் ஹாலுக்குள் எட்டிப் பார்த்தாள். மேடையில் ரேஷ்மி தனியாக நின்று மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே நாற்காலிகள் காலி. நாற்காலிகளில் பேர் எழுதிய அட்டைகள் மட்டும் உட்கார்ந்திருந்தன. ரேஷ்மி போனைக் காதில் வைத்து, "சார், தோவாளை தாண்டிட்டியளா? வாங்க சார், எல்லாரும் இருக்காவ" என்று சொல்லிக்கொண்டே வாசலைப் பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தம் இல்லை.

"அக்கா! எல்லாரும் எங்க போறாவ? நான் ஒண்ணும் தப்பாச் சொல்லலியே! எபிசன் சார் எம்.டி. கூட வாறாரு. இத வந்து பாத்தா என் வேலை போச்சு."

அவள் பார்வை அஞ்சலியைத் தாண்டிப் பின்னால் போயிற்று. நீலப் பைகள் அடுக்கிய மேசையில் போய் நின்றது. அங்கிருந்து மெதுவாகத் திரும்பி அஞ்சலி முகத்துக்கு வந்தது.

அதற்குப் பிறகு அஞ்சலி செய்ததை இரக்கம் என்பதா, ரோஷம் என்பதா? அவளுக்கே தெரியாதபோது நமக்கு எப்படித் தெரியும்? கால்கள் அடுக்களைக்கு ஓடின, அவ்வளவுதான்.

"அண்ணாச்சி, பிரதமன் ஆச்சா?"

"இப்பம் இறக்கினேன் மக்கா."

"அதை இங்க விளம்பாண்டாம். அப்படியே தூக்குங்க. மேடைக்குப் பக்கத்துல வைங்க. இரண்டாம் பந்திக்கும் இலையில போடாதிய. பிரதமன் வேணும்கவிய ஹாலுக்கு வரட்டும், இருந்த இடத்துல கிளாஸ்ல குடுப்போம்."

வாசலுக்கு வந்து பிளஸ்ஸியின் கையிலிருந்த பையை வாங்கிக் கீழே வைத்தாள். "மேசையோட தூக்கு மக்கா. இனி பை மேடையில வச்சுத்தான். எம்.டி. கையால."

பிறகு கணவனிடம் திரும்பினாள். "மாவட்டத்து ஹார்டுவேர் கடைக்காரவியளுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் வச்சிருக்கியல்லா?"

"ஆமா."

"அதுல போடுங்க. பிரதமன் இனிமேதான் விளம்புகாவன்னு."

சுயம்புராஜ் கொஞ்சம் விழித்தான். பிறகு போட்டான். கூடவே ஆவி பறக்கிற பிரதமன் உருளியை ஒரு போட்டோவும் எடுத்துப் போட்டான். பம்ப் கம்பெனி எம்.டி.க்காக வராதவர்களை அந்த உருளி திருப்பிக் கொண்டுவந்தது. வெட்டூர்ணிமடம் வரை போன ஒரு பைக்கும் யூ டர்ன் அடித்தது.

*

எம்.டி. உள்ளே வந்தபோது ஹாலில் ஒரு நாற்காலி காலி இல்லை. எல்லார் கையிலும் கிளாஸ் இருந்தது. தொண்டைக்குள் சூடாகப் பிரதமன் இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில் புது மோட்டாரை அவர் திரை விலக்கிக் காட்டினார். யாரும் அவசரப்படவில்லை. ஆர்டர் எடுக்கும் மேசையில் கூட்டம் நின்றது. கடைசியில் அவர் கையாலேயே ஒவ்வொருவருக்கும் பை கொடுத்தார். மரியஜானுக்கு இரண்டாவது பையும் கிடைத்தது. அவர் அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை.

மேடைக்குப் பக்கவாட்டில் தட்டி மறைப்புக்குப் பின்னால் நின்று அஞ்சலி கிளாஸ்களில் ஊற்றிக்கொண்டிருந்தாள். மறைப்புக்கு அந்தப் பக்கம் எம்.டி.யின் குரல் கேட்டது.

"எத்தனையோ ஊர்ல டீலர் மீட் நடத்தியாச்சு, ரேஷ்மி. சாப்பாடு முடிஞ்சா பாதிக் கூட்டம் போயிடும். இந்தப் பாயச ஐடியா யாரோடது?"

"எங்க வீட்டு அக்காவோடது சார்" என்றாள் ரேஷ்மி.

அஞ்சலியின் கையில் அகப்பை நின்றது. அவள் இதை எதிர்பார்க்கவில்லை.

"அவங்க இதெல்லாம் செய்றவங்களா?"

எபிசன் இடையில் புகுந்தார். "சார், இவங்க வீட்டு விசேஷம்னா எல்லாம் அந்த அம்மாதான். நான் இவங்க கல்யாணத்துக்குப் போயிருக்கேன். அப்படி ஒரு பந்தி நான் பாத்ததில்ல."

"அப்படியா? அடுத்த மாசம் மதுரை மீட்டிங்கை அவங்களே செய்யட்டுமே. அங்கே நம்ம ஆளுங்க ரொம்பச் சொதப்புறாங்க. ரேஷ்மி, அவங்க நம்பர் குடுங்க."

தட்டியின் இடுக்கு வழியே அஞ்சலிக்கு ரேஷ்மியின் முகம் தெரிந்தது. சிரிப்பு அப்படியே உதட்டில் இருந்தது. கண் மட்டும் மாறிவிட்டது. காலையிலிருந்து கால் வலிக்க நின்று, பேர் எழுதி, கயிறு கட்டி, ஜெனரேட்டர் பிடித்து எல்லாம் செய்தது அவள். கடைசியில் ஒரு உருளிப் பிரதமனுக்காகக் கேட்பது வேறொருத்தியின் நம்பரை.

அந்த முகம் அஞ்சலிக்கு நன்றாகத் தெரிந்த முகம். தலை வாரும்போது கண்ணாடியில் அவள் தினமும் பார்த்துவந்த முகம்தான் அது.

"அவங்க வெளிய வேலைக்கு எல்லாம் வரமாட்டாங்க சார்" என்றாள் ரேஷ்மி. "வீட்டோட இருக்கவங்க. இதுல அவங்களுக்கு இஷ்டமில்ல."

*

மண்டபக் கணக்கை முடித்துவிட்டு அஞ்சலியும் ரேஷ்மியும் ஆட்டோ ஏறினார்கள். சுயம்புராஜ் கடைக்குப் போய்விட்டான். ஆட்டோ திரும்பும்போது அடுக்களை வாசலில் எம்.டி. ஞானையனின் தோளைத் தட்டிக் கொடுப்பதையும், ஞானையன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஏதோ நம்பர் தேடித் தன் போனைத் துழாவுவதையும் அஞ்சலி பார்த்தாள்.

ஆட்டோ ரோட்டுக்கு ஏறியது.

"வேலை நிரந்தரம்னு எபிசன் சார் சொல்லிட்டாரு" என்றாள் ரேஷ்மி.

"சந்தோசம்."

மறுபடி கொஞ்சம் தூரம் போயிற்று.

"அக்கா."

"ம்."

"பையைச் சாப்பாட்டு வாசல்ல வைக்கச் சொன்னிய. பை கிடைச்சா ஆளுவ போயிருவாவன்னு உங்களுக்குத் தெரியாதா?"

சொல்வதற்கு வேண்டிய அளவு பதில்கள் இருந்தன. யோசிக்கலியே மக்கா, வழக்கத்தைத்தான் சொன்னேன், நீ நல்லாக் கேட்டிருக்கலாமே. எல்லாமே வாய்க்கு வந்தன. ரேஷ்மியின் விரலில் பேனாப் பிடித்த இடத்தில் காய்த்துப்போயிருந்தது கண்ணில் பட்டது.

"தெரியும்" என்றாள் அஞ்சலி.

ரேஷ்மி ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுகிறாளா என்று தெரியவில்லை. கோட்டாற்றுக் கடைத்தெரு நெரிசலில் ஆட்டோ நின்றபோது திரும்பாமலே சொன்னாள்.

"எம்.டி. உங்க நம்பர் கேட்டாரு."

"கேட்டுச்சு. நீ சொன்னதும் கேட்டுச்சு."

ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். அந்தச் சத்தம் இருவருக்கும் வசதியாக இருந்தது.

*

"ஏட்டி, உள்ள ஏறாதிய, அங்கனயே நில்லுங்க!"

வாசலுக்கு ஓடிவந்தாள் தாணம்மாள். கைக்குள் வத்தல் மிளகாயும் கல்லுப்பும் இருந்தன. சுயம்புராஜ் போனில் முழுக் கதையும் சொல்லி முடித்திருந்தான்.

"ஊர்க்கண்ணு முழுக்க இந்தப் பிள்ளை மேலதான் இருந்திருக்கும். ரேஷ்மி, கிழக்காமப் பாத்து நில்லு." தாணம்மாள் கையை அஞ்சலியிடம் நீட்டினாள். "எனக்குத் தோள் தூக்க முடியல. நீ சுத்திப் போடு மக்கா. மூத்தவ நீதான. உன் கையால கழிச்சா எந்தக் கண்ணும் நிக்காது."

மிளகாயும் உப்பும் அஞ்சலியின் உள்ளங்கைக்கு வந்துவிட்டன. அவள் அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கை மேலே எழும்பவில்லை. எந்த வாயால் சொல்லிச் சுற்றுவது? எந்தக் கண்ணைப் போகச் சொல்வது?

"அத்தை, நீங்களே சுத்துங்க" என்றாள் ரேஷ்மி. அஞ்சலியின் கையிலிருந்து மிளகாயை எடுத்து மாமியாரிடம் கொடுத்தாள். அப்படியே அஞ்சலியின் முழங்கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். பிடி கொஞ்சம் அழுத்தமாகவே இருந்தது. "அக்காவையும் சேத்துச் சுத்துங்க."

"அவளுக்கு என்னத்துக்குட்டி? மேடையில நின்னது நீயில்லா?"

"அவியளுக்கும் இன்னைக்குக் கண்ணு பட்டிருக்கு அத்தை" என்றாள் ரேஷ்மி. "எனக்குத் தெரியும்."

அஞ்சலி திரும்பிப் பார்த்தாள். ரேஷ்மி நேரே கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாணம்மாள் முனகிக்கொண்டே தோளைத் தூக்கி இருவரையும் சேர்த்துச் சுற்றினாள். ஊர்க்கண்ணு, உறவுக்கண்ணு, போறவன் கண்ணு, வாறவன் கண்ணு என்று சொல்லிச் சொல்லிச் சுற்றினாள். 'உறவுக்கண்ணு' வந்தபோது இருவருடைய தோளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தது. இருவரும் நகர்த்திக்கொள்ளவில்லை.

அடுக்களைக்குப் போய்ச் சிரட்டைக் கனலில் போட்டாள். மிளகாய் கருகியது. ஒரு தும்மல் இல்லை, ஒரு இருமல் இல்லை.

"பாத்தியளாட்டி? நெடியே வரல! யம்மா, எத்தனை கண்ணு!" உள்ளேயிருந்து தாணம்மாள் சத்தம் போட்டாள். "நீங்க ரெண்டு பேரும் இப்படிக் கூடப்பிறந்தவிய மாதிரி ஒத்துமையா இருக்கது ஊருக்குப் பொறுக்கல, அதான்!"

அப்போது போன் அடித்தது. அஞ்சலியின் போன். கையில் மிளகாய் வாங்கும்போது அதைச் செருப்பு வைக்கும் பலகை மேல் வைத்திருந்தாள். பலகை ரேஷ்மிக்குப் பக்கத்தில் இருந்தது.

ரேஷ்மி எடுத்துப் பார்த்தாள். பேர் வரவில்லை, நம்பர் மட்டும்தான். ஆனால் எம்.டி.யின் அந்த நம்பரை ரேஷ்மிக்கு மனப்பாடமாகத் தெரியும். ஒரு மாதமாகத் தினமும் அதோடுதான் பேசிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தே கூப்பிடுவது யார் என்று அஞ்சலிக்கும் தெரிந்துவிட்டது.

தா என்று கை நீட்டியிருக்கலாம். நீட்டுகிற யோக்கியதை இன்று தனக்கு இல்லை என்று அஞ்சலிக்குத் தோன்றியது.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. ரேஷ்மியின் கட்டைவிரல் திரைக்கு மேலே வந்து நின்றது. அது பச்சைக்குப் போகிறதா சிவப்புக்குப் போகிறதா என்று அஞ்சலி பார்த்தபடி நின்றாள்.